வளவுக்கு நாங்கள் செய்தது

2022 ஜூன் மாதம் அரசாங்கம் எங்களுக்கு வெள்ளிக்கிழமைகளைத் தந்தது. அத்தியாவசிய சேவையில் இல்லாத அரச ஊழியர்கள் மூன்று மாதங்களுக்கு வெள்ளி தோறும் அலுவலகம் வர வேண்டியதில்லை, வீட்டில் நின்று தோட்டம் செய்யுங்கள் என்று அமைச்சரவை முடிவெடுத்துச் சுற்றறிக்கையும் வந்தது. நாட்டில் டொலர் இல்லை, பெற்றோல் இல்லை. முந்திய வருடம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தியதால் வயலும் படுத்துவிட்டது. நான் அப்போது கல்முனைப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளர். முதல் வெள்ளி சுபஹு தொழுதுவிட்டு, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய மண்வெட்டியோடு குசினிக் கதவைத் திறந்து வளவுக்கு இறங்கினேன். கொத்துவதற்கு மண் இல்லை.

இருந்தது, இன்டர்லொக் கல்லுக்குக் கீழே. மதிலிலிருந்து மதில் வரை கல். முன்னால் வாகனம் நிற்கிற இடத்தில் கொங்கிறீட். கிணற்று வாயில் சீமெந்துத் தட்டு, அதன்மேல் தண்ணீர் ஏற்றும் மோட்டர். மண்வெட்டியை மதிலில் சாத்திவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன். யார் செய்தது இதை என்று என்னை நானே கேட்டேன். கல்லின் நிறத்தைத் தெரிவு செய்தவளே நான்தான்.

இதை என் வீட்டுக் கதையாக மட்டும் எழுதினால் உண்மையில் பாதியை மறைத்தவள் ஆவேன். மருதமுனையிலிருந்து கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் வரை கடலோரத் தெருக்களில் நடந்து பாருங்கள். கிடுகு வேலி இருந்த இடத்தில் மதில். மதிலுக்கு உள்ளே கல். முருங்கை நின்ற மூலையில் கறுப்புத் தண்ணீர்த் தாங்கி. நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் இதைச் செய்தோம். போட்டி போட்டுக்கொண்டு செய்தோம்.

என் உம்மம்மாவின் வளவு 40 பேர்ச், அதாவது கால் ஏக்கர். கடல் மண். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் குடித்துவிட்டு அடுத்த நிமிடம் ஊற்றாதது போலக் காய்ந்து கிடக்கும். அந்த மண்ணில்தான் அவர் கத்தரி காய்க்க வைத்தார். முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டுவார். அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டையை, கிண்ணத்தை நிமிர்த்தி வைத்தது போல உள்பக்கம் மேலே பார்க்க அடுக்குவார். அதன்மேல் காய்ந்த இலை, ஆட்டுப் புழுக்கை, அடுப்புச் சாம்பல். அதற்கு மேல் இரண்டு கை மண். பிறகுதான் கன்று. ஊற்றுகிற தண்ணீரைப் பொச்சுமட்டை பிடித்து வைத்திருக்கும், வேர் தேடிப் போய்க் குடிக்கும். கச்சான் காற்று அடித்துக் கொளுத்துகிற மாதங்களில் கன்றுக்கு மேற்குப் பக்கம் ஒரு தென்னோலைத் துண்டைக் குத்தி நிழல் கொடுப்பார். கிணற்றடியில் ரம்பை. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடுகிற வழியில் வாழை. மீன் கழுவிய தண்ணீர் தென்னைக்கு, அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைக்கு. இந்த முறையில் ஒரு நாளும் பிசகு வராது. சின்ன வயதில் ஒருநாள் நான் அரிசித் தண்ணீரை வாசலில் வீசி ஊற்றியதற்கு, "அத ஏன்கா கொட்டின, அந்த மரம் வாய் திறந்து கேக்குமா?" என்று உம்மம்மா கடிந்துகொண்டார். அவர் என்னைக் கடிந்தது மிகக் குறைவு. அதனால் நினைவிருக்கிறது.

வெண்டியில் முதல் காய்களில் இரண்டைப் பறிக்க விடமாட்டார். அவை மரத்திலேயே முற்றிக் காய்ந்த பிறகு காம்போடு ஒடித்து அடுப்புக்கு மேலே புகைபடக் கட்டிவிடுவார். பயிற்றை விதை சாம்பலோடு கலந்து பால்மா டின்னுக்குள் போகும். மாரி தொடங்கி முதல் மழை மண்ணை நனைத்ததும் அந்த டின் திறக்கப்படும். கடையில் விதை வாங்கி அவர் நட்டதை நான் பார்த்ததில்லை. நோன்பு காலத்தில் கஞ்சிக்கு ரம்பை கேட்டுத் தெருவே எங்கள் கிணற்றடிக்கு வரும். முருங்கையிலைச் சுண்டலும் மீன் பாலாணமும்தான் எங்கள் வீட்டின் பாதிச் சாப்பாடு. இலை வளவிலிருந்து, தேங்காய் வளவிலிருந்து, புளிப்புக்குத் தேசிக்காய் வளவிலிருந்து. கடலிலிருந்து மீனும் வயலிலிருந்து நெல்லும் வந்தால் போதும்.

இதை யாரும் வேலை என்று எண்ணவில்லை. வாப்பாவின் சம்பளம் வீட்டின் வருமானம், உம்மம்மாவின் வளவு உம்மம்மாவின் பொழுதுபோக்கு. அப்படித்தான் பேசினோம். பெண்கள் செய்ததால் அது கணக்கில் ஏறவில்லை. கணக்கில் ஏறாததை இழக்கும்போது எங்களுக்கு வலிக்கவும் இல்லை. அவர் மௌத்தாகி நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடித்த பிறகு குசினியைத் துப்பரவு செய்தோம். அந்த டின்னைத் திறந்து பார்த்தேன். உள்ளே சாம்பலும் ஏதோ கறுத்த விதைகளும். குப்பையில் போட்டேன். எத்தனை வருடத்து விதை அது, எந்தப் பயிற்றையின் எத்தனையாவது பேரன் என்று யாருக்குத் தெரியும்? கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு இருபத்தைந்து வருடங்கள் இருந்தன. கேட்கவில்லை.

இடமில்லை என்று சொல்வோம். இந்தக் கரையின் வழமை அறியாதவருக்கு அது நியாயமாகவும் படும். இங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மகளுக்கு வீடு கொடுக்காமல் கல்யாணப் பேச்சு எடுக்க முடியாது. அக்கரைப்பற்றில் பல காலம் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார்: மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோரே பக்கத்தில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குகிற வழக்கம், முஸ்லிம்கள், தமிழர்கள் இரு பகுதியிலும். எங்கள் வளவும் அப்படித்தான் சிறுத்தது. உம்மம்மாவுக்கு மூன்று பெண் மக்கள், ஆளுக்கு 13 பேர்ச். உம்மாவுக்கு ராத்தாவும் நானும், ஆளுக்கு ஆறரை. தலைமுறைக்கு ஒரு தடவை மண்ணின் மேல் கயிறு பிடித்து அளந்தோம்.

ஆனால் ஆறரைப் பேர்ச் என்றால் சுமார் 1,770 சதுர அடி. வீடு போக எனக்கு மிஞ்சியது 600 சதுர அடிக்குக் குறையாது. ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஒரு தேசி, இரண்டு பப்பாசி, கிணற்றடியில் ரம்பை, பத்துக் கத்தரி, இருபது கொச்சி, நான்கு முழப் பாத்தியில் கங்குன். இத்தனையும் அதற்குள் அடங்கும். பங்கு பிரித்ததால் வளவு சிறுத்தது உண்மைதான். மிஞ்சியதை மூடியது பங்கு அல்ல, நாங்கள். அண்ணன் தம்பிகளும் கணவன்மாரும் சவூதியிலும் கட்டாரிலும் வெயிலில் நின்று அனுப்பிய காசில் வளவுக்குக் கல் பதித்தோம். காய்ந்த சருகு விழுந்தால் வறுமை தெரிகிறது என்று கூச்சப்பட்டோம். முருங்கையில் மயிர்க்கொட்டி வருகிறது, பிள்ளைகளுக்குச் சொறிகிறது என்று மரத்தையே தறித்தோம். அதற்குப் பிறகு முருங்கையிலையைச் சந்தையில் கட்டுக் கட்டாக வாங்கினோம். யாரோ ஒருவர் வளவில் முளைத்ததுதானே அது?

சுனாமியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கரையைப் பற்றி எதையும் சொல்ல முடியாது. 2004 டிசம்பர் 26இல் இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. அந்த ஜனாஸாக்களின் முன் கத்தரியையும் வாழையையும் பற்றிப் பேச யாருக்கும் வாய் வராது, வரவும் கூடாது. நான் சொல்வது அதற்குப் பிறகு வந்த வருடங்களை. கிணறுகள் உப்பாகின. உதவ வந்தவர்கள் நல்லெண்ணத்தோடு திரும்பத் திரும்ப இறைத்தார்கள். மணற்பாங்கான கரையில் அதிகம் இறைத்தால் கீழேயிருக்கிற உவர் மேலே ஏறும் என்பது பிறகுதான் விளங்கியது. கடைசியில் மாரி மழைதான் மண்ணைக் கழுவியது. கிணறு தேறி வந்தது. நாங்கள் திரும்பிப் போகவில்லை. அதற்குள் பைப் தண்ணீர் வந்துவிட்டது. வெளிநாட்டுக் காசில் வீடுகள் எழும்பியபோது அறை கூட்டித் தரச் சொல்லிக் கேட்டோம், மாபிள் கேட்டோம், மதில் கேட்டோம். ஒரு மரத்துக்கு இடம் விடுங்கள் என்று கேட்ட ஒரு குரலும் என் நினைவில் இல்லை. என் குரலும்தான். சில வளவுகளில் பழைய கிணற்றையே மலக்குழியாக மாற்றினோம். இன்னும் சிலவற்றில் கிணற்றுக்குச் சில அடி தள்ளிக் குழி வெட்டினோம். மணலுக்குள் எது எங்கே போய்ச் சேரும் என்று தெரியாதவர்கள் அல்ல நாங்கள்.

குப்பை விடயம் இதைவிடக் கனமானது. உம்மம்மாவின் வளவில் குப்பை என்று ஒரு சொல் உண்டே தவிர, வெளியே எடுத்துப் போகிற பொருள் ஒன்று இருக்கவில்லை. வாழைத்தோல், மீன் செதில், தேங்காய்ப் பூவின் சக்கை, முட்டைக் கோது எல்லாம் மரத்தடிக்குப் போயின. மண்ணை மூடிய பிறகு அவற்றைக் கொட்ட இடமில்லை. பொலித்தீன் பையில் கட்டித் தெருவில் வைத்தோம். வண்டி வந்து எடுத்தது. எங்கே போகிறது என்று கேட்கவில்லை. எங்கள் கரையோர ஊர்களின் குப்பை போய்ச் சேருகிற இடங்களில் ஒன்று பள்ளக்காடு. 2008இல் தொடங்கிய மேடு, யானைகள் நடமாடுகிற காட்டோரம். வேலி ஒன்று போட்டார்கள், பழுதாகியது, திருத்தப்படவில்லை. 2022 ஜனவரியில் அந்த மேட்டில் யானைகள் மேய்கிற படங்கள் உலகம் முழுவதும் போயின. அதற்கு முந்திய எட்டு வருடங்களில் சுமார் 20 யானைகள் அங்கே செத்தன. வயிற்றை அறுத்துப் பார்த்தவர்கள் கண்டது பொலித்தீனும் சாப்பாட்டு உறைகளும். யானைக்குப் பொலித்தீன் மேல் ஆசையில்லை. உள்ளே இருந்த சோற்றுக்கும் வாழைத்தோலுக்கும் அது வந்தது. பள்ளக்காட்டில் செத்த யானையின் வயிற்றில் என் குசினியின் முடிச்சு இருந்ததா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அதனால்தான் நாங்கள் நிம்மதியாகத் தூங்கினோம்.

கஷ்டம் வந்த நேரமெல்லாம் மண்ணிடம் போனோம். எழுபதுகளில் இறக்குமதி நின்று பாணுக்கு வரிசை நின்ற காலத்தில் மரவள்ளிதான் எங்கள் கரையைச் சாப்பிட வைத்தது என்று உம்மா சொல்வார். 1978 நவம்பர் சூறாவளி தென்னைகளை முறித்துப் போட்ட பிறகு ஆறு ஏழு வருடம் பொறுத்துத் தென்னை காய்க்க வைத்தார்கள். அந்தத் தலைமுறையிடம் விதையும் கையும் இருந்தன. எங்களிடம் வந்தவை திட்டங்கள். 2011இல் வாழ்வின் எழுச்சி என்று பத்து இலட்சம் வீட்டுத் தோட்டம். 2020இல் கொரோனாவோடு சௌபாக்கியா என்று இன்னொரு பத்து இலட்சம். விதைப் பொட்டலங்கள் வந்தன. விவசாயப் போதனாசிரியர்கள் வந்து தொண்டை வறளச் சொல்லிக் கொடுத்தார்கள். நாங்கள் பொட்டலத்தை வாங்கி அலுமாரியின் மேல் வைத்தோம்.

இதில் எனக்குத் தனியாக ஒரு பங்கு இருக்கிறது. இப்படி ஒரு திட்டத்தின்போது முன்னேற்ற அறிக்கை தட்டச்சு செய்யும் வேலை என் மேசைக்கு வந்தது. படிவத்தில் ஒரு நிரல்: தொடங்கப்பட்ட வீட்டுத் தோட்டங்களின் எண்ணிக்கை. பொட்டலம் வாங்கிக் கையொப்பம் வைத்த வீடுகளின் பட்டியல் என்னிடம் இருந்தது. அந்த எண்ணிக்கையைத்தான் அந்த நிரலில் எழுதினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. எழுதுவது சுலபமாக இருந்தது. என் வீட்டையும் அதில் ஒரு தோட்டமாக எண்ணினேன்.

2022க்கு வருகிறேன். செப்டம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 95 வீதத்தை நெருங்கியது. நாட்டில் 63 இலட்சம் பேருக்குப் போதிய சாப்பாடு இல்லை என்று ஐக்கிய நாடுகளின் நிறுவனங்கள் சொன்னன. பண்டாரவளையிலிருந்தும் தம்புள்ளையிலிருந்தும் மரக்கறி லொறி வர டீசல் இல்லை. கல்லைப் பெயர்க்க மனம் வராமல் அந்தக் கல்லின் மேலேயே 14 உரப்பைகளை வரிசையாக நிறுத்தினேன். மண்ணுக்கு மேல் நின்றுகொண்டு மண்ணைக் காசு கொடுத்து வாங்கினேன். சாணம் வாங்கினேன். அலுமாரியின் மேல் இருந்த பொட்டலங்களைப் பிரித்து நட்டால் பாதிக்கு மேல் முளைக்கவில்லை. காலம் தப்பிய விதை. ராத்தாவின் மகன் யூடியூப்பைப் பார்த்துச் சொன்னதைச் செய்தேன். முதல் கத்தரியைப் பறித்த அன்று மகள் அதை உள்ளங்கையில் வைத்து, காம்பிலிருந்த முள்ளைத் தொட்டுப் பார்த்து, "உம்மா, கத்தரிக்கு முள்ளிருக்கா?" என்றாள். அவளுக்குப் பதினேழு வயது. கல்முனைச் சந்தைக்கு வந்து சேர்வதற்குள் வாடி மடங்கிய முள்ளைத்தான் அவள் கண்டிருக்கிறாள்.

அந்த வருடம் எங்களுக்கு 11 கத்தரிக்காய் கிடைத்தது, கொச்சிக்காய் ஓரளவு, கங்குன் நிறைய. 2023 நடுப்பகுதியில் விலை ஏறும் வேகம் அடங்கியது. லொறிகள் வந்தன. கச்சான் காற்றில் ஒரு கிழமை தண்ணீர் ஊற்ற மறந்தேன், பிறகு இரண்டு கிழமை. வெயில் பட்டு உரப்பைகள் இத்துக் கிழிந்தன, மண் கல்லின் மேல் கொட்டியது. பெருநாளுக்கு வீடு துப்பரவு செய்தபோது அந்த மண்ணைக் கூட்டி அள்ளிக் குப்பை வண்டிக்குப் போட்டேன். காசு கொடுத்து வாங்கிய மண். அதுவும் அந்த வழியேதான் போனது.

இது எங்களுக்கு மட்டும் வந்த நோய் அல்ல. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவில் சுமார் இரண்டு கோடி வீட்டுத் தோட்டங்கள் முளைத்தன. நாட்டின் மரக்கறியில் ஏறத்தாழ 40 வீதம் அவற்றிலிருந்து வந்ததாகக் கணக்கு. போர் முடிந்ததும் பெரும்பாலானவை புல்தரையாயின. சோவியத் உதவி நின்று பட்டினி கிடந்த ஹவானா நகரத்தார் தொண்ணூறுகளில் வெற்று வளவுகளில் பாத்தி கட்டினார்கள். அங்கே கஷ்டம் தணிந்த பிறகும் நகரத்துக்குள் மரக்கறி விளைந்தது. அவ்வளவு தூரம் போவானேன், கண்டிப் பக்கம் பாருங்கள். பலா, மிளகு, கோப்பி, வாழை, அடியில் வல்லாரை என்று ஒரே வளவில் காடு போல அடுக்கடுக்காக வளர்க்கிறார்கள். அதை யாரும் அவர்களுக்குத் திட்டமாகக் கொடுக்கவில்லை. தலைமுறை விட்டுப் போகாமல் கை மாறி வந்தது. எங்களிடம் அறுந்தது அந்தக் கை மாறல்தான். உம்மம்மாவிடமிருந்து உம்மாவுக்குப் பாதி வந்தது. உம்மாவிடமிருந்து எனக்கு ஒன்றும் வரவில்லை, நான் கேட்காததால்.

மார்க்கம் தெரியாதவர்களா நாங்கள்? மறுமை நாள் வந்துவிட்டாலும் கையில் கன்று இருந்தால் நட்டுவிடச் சொன்ன நபிமொழியை எத்தனை குத்பாவில் கேட்டிருப்போம். நட்ட மரத்தில் பறவை தின்றாலும் நட்டவருக்கு ஸதக்கா என்பது மதரஸாப் பிள்ளைக்கும் தெரியும். கேட்டு முடிந்து பள்ளிவாசலை விட்டு இறங்குகிறோம். பள்ளி முற்றத்திலும் நிழல் தருவதற்குத் தகரப் பந்தல்தான் நிற்கிறது. அதற்குச் சந்தா கொடுத்தவர்களில் நாங்களும் உண்டு.

எங்கள் தெருவில் இன்னும் ஒரே ஒரு வளவு மூடப்படாமல் இருக்கிறது. எண்பதைத் தாண்டிய ஒரு மாமியுடையது. போன மாதம் போய் உட்கார்ந்தேன். ரம்பைக் கன்று ஒன்று கேட்டேன். கன்றை வேரோடு கிள்ளி வாழைமடலில் சுற்றித் தந்துவிட்டு, "எங்க வைக்கப் போற?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் நின்றேன். அவர் என் கையைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், ஒரு பழைய பிளாஸ்டிக் வாளியில் ஈரமண்ணை அள்ளிப் போட்டு, கன்றை அதிலேயே குத்தித் தந்தார். "இடம் கெடச்ச பொறகு மாத்து" என்றார்.

மகளுக்கு இப்போது பேச்சு வந்திருக்கிறது. வீடு கொடுக்க வேண்டும். ஆறரைப் பேர்ச்சை இன்னும் பிரிக்க முடியாது, மேலே மாடி எழுப்பத் தீர்மானித்தோம். மேசன் வரைபடம் கொண்டு வந்தார். பின்பக்கம், கிணற்றையும் சேர்த்து, 9 அடிக்கு நீளமாக ஒரு கோடு போட்டு மாப்பிள்ளையின் வாகனத்துக்கு என்று குறித்திருக்கிறார். அதே இடத்தில்தான் உம்மம்மாவின் வாழை நின்றது. நேற்று இரவு அந்தக் கோட்டைப் பென்சிலால் வெட்டிவிட்டு, கிணற்றைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். என் கணவர் இன்னும் பார்க்கவில்லை. சம்பந்தக்காரர் என்ன சொல்வார்களோ தெரியாது. வாளி குசினி வாசலில் இருக்கிறது. இன்று காலை அரிசி களைந்த தண்ணீரை அதற்கு ஊற்றினேன்.